ராஜாவுக்குக் கூட்டிய பதினைந்து வருஷம்

அன்னப்பூ சோற்றுப் பருக்கைகளைக் கட்டைவிரலால் நசுக்கிச் சீட்டின் பின்புறத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். புது வருஷத்தின் முதல் நாள். காலை ஆராதனை முடிந்து நாங்கள் கோயிலிலிருந்து இறங்கி வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பனி கலையாமல் நின்றது. பக்கத்து வீட்டுக் கோழியின் சத்தம் கேட்டதே தவிர, கோழி தெரியவில்லை.

அவள் புருஷன் வேதமுத்தண்ணன் முக்காலியில் ஏறி, கதவுக்கு மேலே, புகையில் கறுத்த சுவரில் அந்தச் சீட்டை ஒட்டினார். பக்கத்தில் போன வருஷத்துச் சீட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் அதற்கும் முந்தினது, மஞ்சளாகி, ஓரம் சுருண்டு.

"நேரா இருக்கா டீச்சர்?"

"வலப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க அண்ணே."

"சாஞ்சா ஆசீர்வாதம் சிந்திருமோ?" என்று சிரித்தார்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா ஒட்டுங்க. வருசப் பொறப்பும் அதுவுமா" என்று அன்னப்பூ அதட்டினாள். பிறகு எழுத்துக் கூட்டி, விரலை ஆகாயத்தில் நகர்த்திக்கொண்டே, அதை எங்களுக்காக ஒருதரம் உரக்கப் படித்தாள். உன் ஜெபத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைப் பார்த்தேன், உன் ஆயுசோடு பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்பது அதன் பொருள்.

வருஷங்கள் எத்தனையோ போய்விட்டன. பாதிப் பேருடைய முகம் எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சோற்றுப் பசையின் வாசனை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பிஸ்கட் டப்பா

சபைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெற்கத்திக் கிறிஸ்தவர்களிடம் வாக்குத்தத்தச் சீட்டு என்று ஒரு வழக்கம் உண்டு. வேதத்திலிருந்து நல்ல நல்ல வசனங்களாகப் பொறுக்கி, சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். புது வருஷத்தன்று வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்குக் கடவுள் சொன்ன வார்த்தை அதுதான்.

பீர்மேட்டுக்கு மேலே நான் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டில் அதற்கென்று ஒரு வெள்ளைக்காரப் பிஸ்கட் டப்பா இருந்தது. துரை பங்களாவிலிருந்து வந்தது. வசனங்களை உபதேசியார் எழுதுவார். குருவானவர் மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து போகிறவர். மற்ற நாளெல்லாம் எங்கள் கோயிலுக்கு உபதேசியார்தான் எல்லாம். தங்கமான மனிதர். சாபம், தண்டனை, பஞ்சம், கொள்ளைநோய் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, தேனில் தோய்த்த வசனங்களாகப் பார்த்து எழுதுவார். டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்பது என் வேலை.

எனக்கு இந்த வழக்கத்தில் அப்போதே மனம் ஒப்பவில்லை. வேதத்தை இப்படிக் கத்தரித்துக் குலுக்கினால் அது வேதமா, ஜோசியக் கிளியின் ஏடா என்று ஒருநாள் உபதேசியாரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "கொழுந்து கிள்ளுத கைக்கு வருசத்துல ஒருநா மிட்டாய் குடுக்கோம் டீச்சர். அதயும் புடுங்காதீக" என்றார்.

நாலு கேள்வி

நான் மலைக்கு வந்த கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முறுக்கு நன்றாயிருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அம்மா அலுத்துப்போய் என்னைத் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வேதபாடசாலையில் சேர்த்துவிட்டாள்.

அங்கேதான் எனக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது. வேதம் என்றால் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற புத்தகம் என்று நினைத்திருந்தவள், அது ஒரு பெரிய சண்டைக்காரக் குடும்பத்தின் கதை என்று கண்டுகொண்டேன். ராஜாக்கள் பொய் சொன்னார்கள். தீர்க்கதரிசிகள் கடவுளிடமே வழக்காடினார்கள். செல்லரித்த வியாக்கியானப் புத்தகங்களை மத்தியான நேரங்களில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.

எந்த வசனத்தையும் தனியாகப் பிடுங்கக் கூடாது, முன்னும் பின்னும் படிக்க வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். யார் சொன்னது? யாருக்குச் சொன்னது? எப்போது? எதற்கு? படிப்பு முடிந்து சபை என்னை வேதபாட டீச்சராக மலைக்கு அனுப்பியதும், ஒரு பலகைக்குக் கறுப்படித்து, இந்த நாலையும் எழுதிக் கோயில் சுவரில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு வேதபாடம். கொழுந்து கிள்ளும்போது கட்டுகிற இடுப்புச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்காருவார்கள். பாதிப் பேர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போவார்கள். எழுப்ப எனக்கு மனசு வராது.

தூங்காதவள் அன்னப்பூ. என் வயதுதான் இருக்கும். நாலு கேள்வியையும் பிடித்துக்கொண்டு கொழுந்துக் காட்டிலும் விளையாட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் வேலை வாங்குகிற கங்காணி அவளைக் கண்டபடி ஏசிவிட்டுப் போனாராம். மற்றவளெல்லாம் பயந்து நிற்க, இவள் ராகம் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"யாரு சொன்னது? கங்காணி. யாருக்குச் சொன்னது? எனக்கு. எப்போ? காலங்காத்தால. எதுக்கு? வீட்டுல பொண்டாட்டிகிட்ட வாங்குன ஏச்ச எங்கிட்ட எறக்கி வைக்க."

இதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்று சொல்ல முடியாது. நான் படித்தது ஒருத்தியிடமாவது போய்ச் சேர்ந்ததே என்று அன்று முழுவதும் பாடிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மலை மதராஸ் பக்கமா, மலையாளத்துப் பக்கமா என்ற சண்டையும் நடந்தது. கடைசியில் கேரளம் என்று முடிவானது. லயத்தில் யாரும் அதற்காக ஒரு வேளைச் சோற்றைக் கூடக் குறைய உண்ணவில்லை. ஆனால் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மலையாளம் வேண்டியிருந்ததால், நான் எஸ்டேட் டாக்டரின் மனைவியிடம் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பின்னால் அதுவும் உதவிற்று.

வயிற்று நோவு

அந்தச் சீட்டு ஒட்டிய அதே வருஷம், உயிர்த்தெழுந்த பண்டிகையான ஈஸ்டர் கழிந்த சமயம். வேதமுத்தண்ணனுக்கு வயிற்று நோவு வந்தது. தேயிலை ஃபாக்டரியில் இலை அரைக்கும் இடத்தில் அவருக்கு வேலை. முதலில் பூண்டுக் கஷாயம் குடித்தார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டினார். இறுக்க இறுக்க வேட்டி மிச்சமாகிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் எஸ்டேட் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே கட்டி இருக்கிறது, மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்.

அன்னப்பூ முடியாது என்றுவிட்டாள்.

நான் போனபோது அவள் கதவுக்கு மேலே விரலை நீட்டினாள். "பதினஞ்சு வருசம்னு எழுதியிருக்கு டீச்சர். நானா எழுதுனேன்? கண்ண மூடிக்கிட்டு நாந்தான எடுத்தேன்? இப்போ கத்தி வச்சு வயித்தக் கிழிச்சா, அவர நம்பலன்னு ஆயிராதா?"

கணக்கும் போட்டு வைத்திருந்தாள். அவர்கள் மகள் ரூத்துக்கு அப்போது நாலு வயது. பதினைந்து வருஷத்தில் பத்தொன்பது. கையைப் பிடித்துக் கொடுக்க அப்பா இருப்பார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

உபதேசியாரும் அங்கே இருந்தார். "நம்பிக்கையா இருக்கவளக் கலைக்கப்படாது டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார்.

வேதமுத்தண்ணன் கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார்.

நான் வேதத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். சீட்டிலுள்ள வசனம் எங்கே வருகிறதோ அந்த அதிகாரம் முழுவதையும் அவர்களுக்குப் படித்தேன். யூதாவில் ஒரு ராஜா சாகக் கிடந்தார். பிழைக்கமாட்டீர் என்று தீர்க்கதரிசி வந்து சொல்லிவிட்டுப் போனார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதார். தீர்க்கதரிசி திரும்பி வந்து, கடவுள் ஆயுசைக் கூட்டித் தருகிறார் என்று சொன்னார்.

"பாத்தியா அன்னப்பூ, இது அந்த ராஜாவுக்குச் சொன்னது. உனக்கு, எனக்குன்னு பேர் போட்டு எழுதல."

"ராஜா அழுததக் கேட்ட காதுதான டீச்சர்? நான் அழுதா மட்டும் அடச்சுக்கிடுமா?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். அதிகாரத்தின் கடைசியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம். அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து ராஜாவின் கட்டிமேல் பற்றுப்போடுங்கள், பிழைப்பார் என்று தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். அதைப் படித்தேன். அவள் கேட்டதற்காக மறுபடியும் படித்தேன்.

"வாக்குக் குடுத்த பெறகுமா மருந்து போட்டாக?"

"வாக்குக் குடுத்த பெறகுதான்."

"தீர்க்கதரிசியேவா?"

"அவுகதான் போடச் சொன்னாக."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டிலிலிருந்து வேதமுத்தண்ணன்தான் பேசினார்.

"நான் போறேன் புள்ள. எனக்கு ரொம்ப வலிக்கி."

அன்று நான் நன்றாகப் பாடம் நடத்தினேன். வசனத்தைத் திரிக்கவில்லை, மறைக்கவில்லை, பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. இருந்த நம்பிக்கையையும் பறிக்கவில்லை. இத்தனை வருஷம் திருப்பித் திருப்பி யோசித்தும் அதில் ஒரு பிழையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காட்டத்தி

எஸ்டேட் ஜீப் காலையில் வருவதாக ஏற்பாடு. துணைக்கு நானும் கிளம்பினேன். கீழே ஆஸ்பத்திரியில் பேச மலையாளம் வேண்டுமே. நான் லயத்துக்குப் போனபோது வீட்டுக்குள்ளிருந்து புளிப்பும் பச்சையுமாக ஒரு வாசனை வந்தது. அன்னப்பூ விடிந்ததும் விடியாததுமாக ஓடைப்பக்கம் போய்க் காட்டத்திப் பழங்களைப் பொறுக்கி வந்திருந்தாள். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். பழங்களை அம்மியில் நசுக்கி, அடையாகத் தட்டி, வேதமுத்தண்ணனின் வயிற்றில் வைத்துத் தன் பழைய சேலைக் கிழிசலால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதயுந்தான டீச்சர் வாசிச்சீக?" என்றாள்.

அது மேலே தெரிகிற கட்டிக்குப் போட்ட பற்று, இது வயிற்றுக்குள்ளே இருக்கிற கட்டி என்று சொல்லியிருக்கலாம். வேதமுத்தண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார், சும்மா இருங்கள் என்று. அந்தப் பற்றோடுதான் மலை இறங்கினார். வளைவுக்கு வளைவு ஜீப் குலுங்கும்போதெல்லாம் அன்னப்பூ அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டை அவிழ்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இதெந்தா இது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணும் வேதம் படித்தவள்தான் போலிருக்கிறது. சிரிக்கவில்லை. வெந்நீரில் பஞ்சை நனைத்து, மெதுவாக, ஒரு விதைகூட இல்லாமல் துடைத்தாள். துடைத்ததைக் கொட்டப்போனபோது அன்னப்பூ கையை நீட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். கட்டி எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. முன்னமே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். முன்னமே வந்திருந்தாலும் இதேதான் என்று பெரிய டாக்டர் சொன்னார். அவர் கைகூப்பிச் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேதமுத்தண்ணன் மறுநாள் மத்தியானம் போய்விட்டார். ராஜாவைப் போலவே சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போக வழியில்லை. அவரைக் கீழேயே, எங்களுக்கு ஒருவரையும் தெரியாத ஒரு கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். மலையாளத்தில் ஜெபித்தார்கள், மலையாளத்தில் பாடினார்கள். நல்ல மனிதர்கள், குடை பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்கள். அன்னப்பூவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. குழிக்குள் பிடிமண் போடச் சொன்னபோது, அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காய்ந்துபோன அத்திச் சக்கையைப் போட்டாள்.

எங்கே கொண்டுபோய்க் கூட்டுவது?

தாசில்தாரிடமும் கங்காணியிடமும் கோபப்படலாம். கடவுளிடம் கோபப்பட ஒரு வழி வேண்டியிருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை. நான் தப்பாக விளக்கம் சொல்லியிருந்தால் என்னையே ஏசிக்கொண்டு ஒரு மாதிரி ஆறியிருப்பேன். அந்த வழியும் அடைத்துக் கிடந்தது. மழைக்காலம் முழுவதும் அந்த அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடமிருந்த வியாக்கியானங்களையெல்லாம் புரட்டினேன். ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தார் என்பதைப் பற்றி அவற்றில் பக்கம் பக்கமாக இருந்தது.

ஒரு வசனம் யாருக்குச் சொன்னது என்று கேட்டால், யாருக்கெல்லாம் சொல்லவில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும். வேதபாடசாலையில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. நானும் அதுவரை யோசித்ததில்லை.

உபதேசியார் ஆறுதல் சொல்லப் பார்த்தார். "அந்தப் பதினஞ்சு வருசத்தயும் கர்த்தர் பரலோகத்துல கூட்டிக் குடுத்திருப்பாரு டீச்சர்."

"முடிவே இல்லாத எடத்துல பதினஞ்சு வருசத்த எங்க கொண்டுபோய்க் கூட்டுவாரு ஐயா?" என்று கேட்டேன். பாவம், அந்த நல்ல மனிதர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் வேதமுத்தண்ணன் என்றால் உயிர்.

அன்னப்பூ வேதபாடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரூத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்காருவாள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நாலு கேள்விப் பலகையின் பக்கம் அவள் பார்ப்பதேயில்லை. நானும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஜெபத்தை மனப்பாடத்திலிருந்து ஒப்பித்தேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே ஆள் இருக்காது. இப்படி ஆறு மாதம் பாடம் நடத்தினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் அதிகமாகக் கலங்கடித்தது.

அவள் வீட்டுச் சுவரில் சீட்டு அப்படியே இருந்தது. கிழிக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

மறு வருஷம்

புது வருஷம் வந்தது. அதே பனி. கோயிலில் மெழுகுவர்த்தியும் நனைந்த கம்பளியும் கலந்த வாசனை. டப்பாவை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று உபதேசியாரிடம் கேட்டேன். "நீங்களே இப்டிச் சொன்னா மத்தவுக என்ன செய்வாக டீச்சர்?" என்று என் கையிலேயே வைத்தார்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்னப்பூ வரமாட்டாள் என்று நினைத்தேன். வரிசையின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கண்ணை மூடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டப்பாவுக்குள் கையை விட்டாள்.

சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இடிந்து கிடக்கிறதை மறுபடியும் எடுத்துக் கட்டுவேன் என்கிற மாதிரி ஒரு வசனம்.

"யாரு சொன்னது டீச்சர்?"

"தீர்க்கதரிசி."

"யாருக்குச் சொன்னது?"

குத்தலாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்பதுபோலவேதான் கேட்டாள். கோயில் முழுவதும் எங்களையே பார்த்தது. உபதேசியார் எனக்குத் தலையை அசைத்துக் காட்டினார், சொல்லிவிடுங்கள் என்று. எதைச் சொல்லச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். 'உனக்குத்தான் அன்னப்பூ' என்று சொல்லிவிட மனம் கிடந்து துடித்தது. ஆனால் அவளுக்கு அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"எருசலேமுக்கு" என்றேன். "இடிஞ்சு பாழாக் கெடந்த ஊருக்கு."

அன்னப்பூ தலையை ஆட்டினாள். சரியான பதில்தான் என்று அவளுக்கும் தெரிந்தது.

"அப்ப அவுகளுக்கே இருக்கட்டும் டீச்சர்."

சீட்டைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தாள். பிள்ளையின் தலைத்துண்டைச் சரிசெய்து கட்டி, அவளை நடத்திக்கொண்டு வாசலில் இறங்கிப் போனாள். சட்டென்று பனியில் மறைந்துவிட்டார்கள்.

அவளுக்கு அடுத்து நின்றவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டாள். மேலே கிடந்த அதே சீட்டுதான் வந்தது. "ஸ்தோத்திரம்" என்று அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் டப்பாவை அதற்கடுத்தவளுக்கு நீட்டினேன்.